செம்பு வால்

கியர் மாற்றும்போது மட்டும் செத்துப்போகிற காரை விருதுநகர்ப் பட்டறைக்காரர்கள் அதுவரை பார்த்ததில்லை. நின்ற இடத்தில் விட்டால் பொழுதுக்கும் ஓடும். கிளச்சை மிதித்துக் கியர்க் கம்பைத் தொட்டால் போதும், பொசுக்கென்று மூச்சை விட்டுவிடும். சரி, ஒழிந்தது என்று கிளச்சை விட்டால் செத்த இஞ்சின் திடீரென்று உயிர்த்துக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளும். பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டின் முதுகில் மூக்கை இடித்துக்கொள்வார். கல்கத்தாவிலிருந்து பட்டாசு ஆர்டர் கொடுக்க வந்த ஏஜெண்டு ஒருவர் ஆனைக்குட்டம் போவதற்குள் மூன்று முறை இடித்துக்கொண்டு, நாலாவது முறைக்குக் காத்திருக்காமல் இறங்கி நடந்தே போனார்.

காருக்குச் சொந்தக்காரர் வேதமாணிக்கம். சிவகாசியில் டாக்சி ஓட்டினார். யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்த கார் அது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அது ஆலய வாசலில் கழுவித் துடைத்து நிற்கும் என்பதால் ஊரில் அதற்கு ‘வேதக்கோயில் காரு’ என்று பேர். அந்தப் பேரில் வேதமாணிக்கத்துக்கு ஏகப்பட்ட பெருமை. பானெட்டைத் திறக்கும்போதுகூடச் சட்டைக் கைகளை மடித்துவிட்டு, ஜெபத்துக்கு நிற்கிற மாதிரி நின்றுதான் திறப்பார்.

அவருக்குக் கொஞ்சமும் குறையாத பெருமைக்காரி அவர் மனைவி பாக்கியவதி. பட்டாசு ஆபீசில் (தொழிற்சாலைக்கு அங்கே அதுதான் பேர்) மருந்து அடைக்கிற ஷெட்டுக்கு அவள்தான் மேற்பார்வை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணின் கொண்டையிலும் விரலை விட்டுத் துழாவுவாள். ஒரு ஊக்கு அகப்பட்டாலும் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேலை கிடையாது. கொலுசு, மெட்டி, சாவிக்கொத்து எல்லாம் வாசலோடு சரி. உள்ளே சல்லடை பித்தளை, கத்திரி பித்தளை, தட்டுகிற கொட்டாப்புளி மரம். இரும்பு என்கிற வார்த்தையே உள்ளே வரக்கூடாது என்பாள். அவள் ஷெட்டில் பத்து வருசமாக ஒரு பொறி பறந்ததில்லை. இதை அவளாகவே சொல்வாள், யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு பெருமைகளும் சேர்ந்து செய்த காரியந்தான் செம்பு வால்.

நயா பைசா வந்ததற்கு அடுத்த வருசம், ஆனி மாதம். ஆபீசுக்குள் வருகிற வண்டி எதுவானாலும் பின்னால் ஒரு சங்கிலி தரையில் உரசிக்கொண்டு வர வேண்டும் என்று கம்பெனியில் சட்டம் போட்டார்கள். வண்டி ஓடும்போது உடம்பில் ஏறுகிற மின்சாரம் சங்கிலி வழியாக மண்ணில் இறங்கிவிடுமாம். வேதமாணிக்கமும் இரும்புச் சங்கிலி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் நாள் சாயங்காலம் கார் ஆபீசுக்குள் வரும்போது சரளைக் கல்லில் சங்கிலி உரசி ஒரு பொறி பறந்ததைப் பாக்கியவதி பார்த்துவிட்டாள். புருசனின் கார் என்றும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

“இரும்பை வெளிய போடுன்னு பொம்பளைகளைத் துளாவுறேன். நீங்க இரும்பைத் தரையில இளுத்துக்கிட்டு வாரீகளே! இது அடுக்குமா?”

போர்மேன் சங்கையாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. “அப்பச் செம்புல போடச் சொல்லுங்கம்மா. செம்பு பொறி விடாதுல்ல” என்றார்.

செம்புச் சங்கிலிக்கு எங்கே போவது? அன்றைக்கு வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் யோசித்தார்கள். அப்போதுதான் பாக்கியவதி அதைப் பார்த்தாள். இஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே, செம்புக் கம்பியைச் சடை மாதிரித் தட்டையாகப் பின்னிய பட்டை ஒன்று இரண்டு முனையிலும் போல்ட்டு போட்டுக் கிடந்தது.

“இது என்னத்துக்கு?”

“அது சும்மா ஒரு பட்டி. இஞ்சின் ஆடாம இருக்கப் போட்டுருப்பான்.”

“இம்புட்டு மெல்லிசுப் பட்டியா இஞ்சினைப் பிடிச்சு நிறுத்தும்? களட்டுங்க.”

கழற்றினார். காரை முடுக்கிப் பார்த்தார்கள், நன்றாகவே ஓடியது. பட்டையைப் பின்னால் தொங்கவிட்டார்கள். மறுநாள் காரின் பின்னால் செம்பு வால் மினுமினுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க ஆபீசில் கூட்டம் கூடிவிட்டது. வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வந்தபோது முதலாளி அவரைக் கூட்டிவந்து வாலைக் காட்டினார். “யார் யோசனை?” என்று அவர் கேட்க, சங்கையா பாக்கியவதியைக் காட்ட, அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “என் யோசனைதான் சார்” என்றாள். ஒருவாரம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

காருக்குச் சீக்கு வந்தது அதற்கப்புறம். உடனே வரவில்லை என்பதுதான் விசேஷம். பத்துப் பதினைந்து நாள் ராஜா மாதிரி ஓடிவிட்டுப் பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் செல்ப் அடித்தால் இஞ்சின் முனகியது. பிறகு சோக்கு இழுத்தால் திரும்பிப் போகாமல் சிக்கிக்கொண்டது. காலையில் வேதமாணிக்கம் செல்ப் அடிக்க, பக்கத்து சீட்டிலிருந்து சோக்கு இழுப்பது பாக்கியவதியின் வேலை. ஒருநாள் இழுத்தவள் “ஆத்தாடி!” என்று கையை உதறினாள். குமிழ் சுட்டுவிட்டது.

“இஞ்சின் சூடு ஏறுது பாக்கியம்” என்றார் வேதமாணிக்கம்.

“இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள என்ன சூடு?” என்றாள். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் கியர் மாற்றினால் சாகிற கூத்து.

ஆவணி பிறந்துவிட்டது. தீபாவளி சீசன். வடக்கேயிருந்து ஏஜெண்டுகள் ரயிலேறி வருகிற காலம். இந்த நேரத்தில் இன்னொரு இடியும் இருந்தது. அடுத்த புதன்கிழமை விருதுநகரில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காரை ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் ‘வண்டி சரியில்லை’ என்று எழுதிவிட்டால் டாக்சிப் பெர்மிட்டு போய்விடும். பெர்மிட்டு போனால் வேதமாணிக்கத்துக்கு ஒரே வழிதான் உண்டு. விருதுநகரில் லாரி வைத்திருக்கிற மைத்துனன் ராஜசிங்கிடம் டிரைவராகப் போய் நிற்பது. பாக்கியவதியின் கூடப்பிறந்த அண்ணன் அவன். கார் வாங்கிய அன்றைக்கே, “பளைய இரும்பை நம்பி மோசம் போகாதீக மாப்ள. ரெண்டு வருசத்துல எங்கிட்ட வந்து நிப்பீக” என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவன். அந்தப் பேச்சைப் பாக்கியவதி மறக்கவேயில்லை. அண்ணன் வீட்டில் கை நனைத்தாலும் அதை நினைத்துக்கொண்டுதான் நனைப்பாள்.

விருதுநகரில் மதுரை ரோட்டில், புளியமரத்தடியில், ஒச்சப்பன் பட்டறை. ஒச்சப்பனுக்குத் தொண்டை பெரிது. நட்டுத் திருகும்போதுகூட நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவான். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவன் வாயால் அதை மாற்ற முடியாது.

காரை அங்கே கொண்டுபோன வெள்ளிக்கிழமை மேகம் கறுத்திருந்தது. மருந்து உலராது என்று ஆபீசில் லீவு விட்டுவிட்டார்கள். பாக்கியவதியும் காரோடு வந்துவிட்டாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் தூக்குவாளியில் கட்டி எடுத்து வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

“கார்பரேட்டரைக் களத்திக் களுவியாச்சு அண்ணாச்சி. பாயிண்டு தேய்ச்சாச்சு. பிளக்கு அம்புட்டும் புதுசு. பெட்ரோல் ஒளுங்கா வருது. இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல” என்றான் ஒச்சப்பன். “இது கியர்ப் பொட்டிதான்.”

“கியர்ப் பொட்டி எப்படிலே இஞ்சினை நிறுத்தும்?”

“கியரைத் தொட்டாத்தான நிக்குது? அப்ப எங்க நோவு? கையத் தொட்டா வலிச்சா கையிலதான நோவு?”

“கையத் தொட்டா உசுரு போனா?” என்றாள் பாக்கியவதி, மரத்தடியிலிருந்தே.

“மதினி, நீங்க சோத்தைப் பாருங்க.”

கியர்ப் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து பார்த்தான். பல்லெல்லாம் பால்பல் மாதிரி இருந்தது. ஒச்சப்பனுக்கே கொஞ்சம் வருத்தம். எண்ணெயை மாற்றிவிட்டு மூடினான். ஓட்டிப் பார்த்தார்கள், தெரு முனையில் செத்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“அப்ப இஞ்சின் ஆடுது. அடியில இருக்குற ரப்பர் செத்துப்போச்சு. கிளச்சை மிதிக்கையில பொட்டி ஆடி இளுக்குது” என்றவன், கடப்பாரையோடு காருக்கு அடியில் போனான். பெட்டிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே கடப்பாரையைச் செருகி முட்டுக் கொடுத்துக்கொண்டு, “இப்பப் போடுங்க அண்ணாச்சி!” என்று கத்தினான்.

பின்சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வேதமாணிக்கம் கிளச்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றினார். இஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போயிற்று.

“பாத்தீகளா! ஆட்டந்தான்! இந்த ஒச்சப்பன் சொன்னா...” என்று காருக்கு அடியிலிருந்தே ஊருக்கு அறிவித்தான். கடப்பாரையை எடுத்துவிட்டு வேலமரக் கட்டையை ஆப்பாகச் செதுக்கி அடித்து இறுக்கினான். இஞ்சினை இரண்டு ஆள் சேர்ந்து அசைத்தாலும் அசையவில்லை. “இப்பப் போடுங்க!”

கிளச்சை மிதித்தார். செத்தது.

“கட்டை இறுகல.” இன்னும் நாலு அடி அடித்தான். மறுபடியும் செத்தது. கடப்பாரையைச் செருகினான், உயிரோடு ஓடியது. கட்டையை அடித்தான், செத்தது. மூன்றாவது தடவை வெளியே வந்தபோது ஒச்சப்பன் முகத்தில் கிரீசும் கோபமும் அப்பியிருந்தன.

“பொட்டியே கோணிப்போச்சு அண்ணாச்சி. இதுக்கு மருந்து இல்ல. பளைய இரும்புக் கடையில நிறுத்துப் போட்ருங்க. புதன்கிளமை இதைக் கொண்டுபோயி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால நிறுத்தி மானத்த வாங்கிக்கிடாதீக.”

வேதமாணிக்கம் ஸ்டியரிங்கின் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் பாக்கியவதிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடப்பாரையைக் காருக்கு அடியில் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டுக் குலுக்கலில் வழியில் அது இரண்டு முறை நழுவியது, இரண்டு முறையும் கார் செத்தது.

ஒச்சப்பன் தொண்டைக்கு எட்டாத ஊர் உண்டா? சனிக்கிழமை சாயங்காலமே ராஜசிங் வந்துவிட்டான். லாரியைத் தெரு மேட்டில், முகத்தைப் பள்ளத்தைப் பார்க்க வைத்து நிறுத்திவிட்டு, சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

“என்ன மாப்ள, காரு படுத்துருச்சாமே?”

“வாங்க மச்சான். உக்காருங்க” என்றார் வேதமாணிக்கம்.

பாக்கியவதி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ராஜசிங் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தான்.

“வீட்டு ஆளு நீங்க. வெளி ஆளை வச்சு நான் லாரி ஓட்டுறது எனக்கே நல்லால்ல. திங்கக்கிளமை வந்து சாவியை வாங்கிக்கிடுங்க. சிவகாசிக்கும் தூத்துக்குடிக்கும் லோடு. இதுல கௌரவக் கொறச்சல் என்ன இருக்கு?”

“புதன்கிளமை போகட்டும் அண்ணே” என்றாள் பாக்கியவதி.

“புதன்கிளமை என்ன ஆகப்போவுது? ஒச்சப்பனே கையை விரிச்சுட்டான்.”

“ஒச்சப்பன் கை விரிச்சா எங்க கைக்கு என்ன? ரெண்டு கை இங்க சும்மாதான இருக்கு. இவுக ரெண்டு கையும் சேத்தா நாலு.”

“அடேயப்பா! பட்டாசுக்குத் திரி போடுற கை காருக்கு வைத்தியம் பாக்கப்போவுதாக்கும்!”

“பாக்கும். ஒங்க சங்கதி என்ன? லாரியை ஏன் மேட்டுல நிறுத்திருக்கீக? முன்னெல்லாம் வாசல்லதான நிறுத்துவீக?”

ராஜசிங் காப்பியைக் கொஞ்சம் அவசரமாகக் குடித்தான். “பேட்டரி கொஞ்சம் எறங்கிருக்கு. உருட்டி எடுத்துக்கிடலாம்னு” என்று எழுந்துவிட்டான். அவன் போனபின் வேதமாணிக்கம் சொன்னார்.

“அவரு மனசு கெட்டவரு இல்ல பாக்கியம். போயித்தான் ஆகணும்னா போவோம்.”

“போவீக. சாப்பிட வாங்க.”

கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். ஒரு உருண்டையோடு எழுந்துவிட்டார். நாலு உருண்டை சாப்பிடுகிற ஆள். அந்த மிச்ச மூன்று உருண்டைகளையும் சட்டியில் பார்த்தபோதுதான் பாக்கியவதிக்கு அழுகை வந்தது. அடுப்பங்கரையிலேயே அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஆலயத்தில் பாதிரி ஐயர் பிரசங்கம் செய்தார். அவர் என்ன சொன்னார் என்று பாக்கியவதியைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் ஆபீசுக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பட்டாசு ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது மருந்து புகைந்தாலோ, ஒரு வெடி தானாகப் பொரிந்தாலோ, யார் செய்தது என்று முதலில் கேட்க மாட்டார்கள். ‘என்ன புதுசு?’ என்றுதான் கேட்பார்கள். புது மருந்தா, புதுச் சல்லடையா, புது ஆளா, மழைக் காற்றா? புதிதாக எது நுழைந்ததோ அதைப் பிடித்தால் குற்றம் அகப்பட்டுவிடும். எதுவும் நுழையாவிட்டால், எது வெளியே போனது என்று பார்க்க வேண்டும்.

கடப்பாரை வைத்தால் ஓடுகிறது. கட்டை வைத்தால் சாகிறது. இரண்டும் இறுக்கந்தான். அப்படியானால் இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரும்பில்தான் என்னவோ இருக்கிறது. இரும்பில் இருந்து கட்டையில் இல்லாதது என்ன? ஆபீசில் வண்டிக்குச் சங்கிலிதானே கட்டச் சொன்னார்கள், கட்டையையா கட்டச் சொன்னார்கள்? கட்டையில் மின்சாரம் ஓடாது. இரும்பில் ஓடும். செம்பில் இன்னும் நன்றாக ஓடும்.

செம்பு என்று நினைத்ததும் பாக்கியவதி கண்ணைத் திறந்துவிட்டாள். ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தது பெரிய விஷயம்.

ஆலய வாசலில் கார் நின்றது. அவள் நேரே காருக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். வேதமாணிக்கம் பின்னாலேயே வந்தார்.

“என்ன, எதையாச்சும் தொலைச்சிட்டியா?”

“காருக்கு எப்பயிருந்து சீக்கு?”

“ஆடியில.”

“ஆனியில என்ன செஞ்சோம்?”

“வாலு கட்டுனோம். அதுக்கென்ன? வாலு பின்னால தொங்குது. இஞ்சின் முன்னால கெடக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“வாலு இப்பப் பின்னால தொங்குது. முன்ன எங்க இருந்துச்சு?”

வேதமாணிக்கம் வாலைப் பார்த்தார், பிறகு பானெட்டைப் பார்த்தார்.

“இஞ்சினுக்கு அடியில என்ன வச்சிருக்கு? ரப்பரு. ரப்பர்ல மின்சாரம் ஓடுமா? பேட்டரியில இருந்து இஞ்சினுக்குப் போன மின்சாரம் திரும்ப வீட்டுக்கு வர வழி வேணுமா இல்லையா? அந்தச் செம்புதான் வழி. அதை நாம களட்டிட்டோம். வழி இல்லாம அது சோக்குக் கம்பி வழியா வந்துச்சு. அதான் என் கையச் சுட்டுச்சு. சோக்குக் கம்பி கருகுன பெறகு கிளச்சுக் கம்பி வழியா வந்துச்சு. நீங்க கிளச்சை மிதிச்சா கம்பி நகளுது, வழி விட்டுப்போவுது, இஞ்சின் சாகுது. விட்டா மறுபடி ஒட்டுது, துள்ளுது. கடப்பாரையை வச்சா அது வழி. கட்டை வழியா? கியர்ப் பொட்டி பாவம், அது ஒண்ணுஞ் செய்யல.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது. வெடிமருந்து இன்ஸ்பெக்டர் முன்னால் ‘என் யோசனைதான் சார்’ என்று நின்றது நினைவுக்கு வந்து காது சூடானது. பத்து வருசம் கொண்டையைத் துழாவியவள், சொந்தக் காரின் உயிர்நரம்பைப் பிடுங்கி வாலாகத் தொங்கவிட்டிருக்கிறாள்.

வேதமாணிக்கம் அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, வீட்டுக்குப் போவோம். இங்கன வேண்டாம்” என்றார்.

வீட்டு வாசலில் கடப்பாரையை உருவிப் போட்டுவிட்டு வாலைக் கழற்றினார்கள். ரோடு தேய்த்துத் தேய்த்து முனை துடைப்பமாகியிருந்தது. பாக்கியவதி பிய்ந்த முனையை ஒட்ட நறுக்கினாள். நல்ல வேளை, மிச்சம் இழுத்துப் பிடித்தால் எட்டியது. வேதமாணிக்கம் காருக்கு அடியில் படுத்து, போல்ட்டு இருந்த இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்தார். இரும்பு வெள்ளிக் காசாகத் தெரிகிற வரைக்கும் விடக்கூடாது என்று அவள் மேலே நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கருகிய சோக்குக் கம்பியை உருவி எறிந்துவிட்டு வேறு கம்பி மாட்டினார்கள். மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது, இருவருக்கும் பசிக்கவில்லை.

“செல்ப் அடிங்க.”

அடித்தார். எத்தனையோ நாளாக முனகிக்கொண்டிருந்த இஞ்சின் ஒரே தட்டில் எழுந்தது. கிளச்சை மிதித்தார். ஓடியது. ஒன்று போட்டார், இரண்டு போட்டார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு வந்து நிறுத்தினார். இறங்கி வந்து, வாசல் என்றும் பாராமல் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையெல்லாம் கிரீசு. பாக்கியவதி கையை எடுக்கவில்லை.

சாப்பிடும்போது, “இதை வெளிய சொல்ல வேணாம் பாக்கியம்” என்றார். “ஏதோ ஒயரு விட்டுருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லிக்கிடுவோம். ஒம் பேரு ஆபீசுல பெரிய பேரு.”

அவள் மேலும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். திங்கட்கிழமை ஆபீசில் காரை வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். வால் இல்லாத வண்டிக்கு உள்ளே வேலை இல்லை. அது புருசன் வண்டியானாலும் சரி. சங்கையாவிடம், “புது வாலு வாங்கிக் கட்டுற வரைக்கும் வெளியதான்” என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை விருதுநகரில் கண்மாய்க்கரைப் பொட்டலில் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. ஒச்சப்பன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். வேதக்கோயில் காரைப் பார்த்ததும், “தள்ளிக்கிட்டா வந்தீக?” என்று கேட்டான். பாக்கியவதி காரை விட்டு இறங்கி, “ஏறி வந்தோம்” என்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வயிறு பெருத்த, சிரிக்காத மனுசர். வரிசையில் முதல் வண்டி ராஜசிங்கின் லாரி. வரும்போது மேட்டில்தான் நிறுத்தியிருந்தான். இன்ஸ்பெக்டர் சமதரைக்குக் கொண்டுவரச் சொல்லி நிறுத்திவிட்டார். “செல்ப் அடி” என்றார். லாரி முனகியது. மறுபடி அடித்தான், முனகியது. ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பினார்கள். கரை ஏற்றத்தில் இரண்டாவது கியர் மாற்றினான். பொசுக்கென்று செத்து, துள்ளி, மறுபடி செத்துப் பின்னால் உருண்டது. கூட்டம் சிதறி ஓடியது.

பாக்கியவதி லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு செம்பு வால் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சியை முதலாளி பாராட்டியதைக் கேள்விப்பட்டு, அண்ணனும் பட்டாசு லோடு ஏற்ற அதே மாதிரி வாலை அதே இடத்திலிருந்து கழற்றிக் கட்டியிருக்கிறான். ஆபீசுக்கு வருகிற இன்னும் எத்தனை வண்டிகள் தன் புத்திசாலித்தனத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிகின்றனவோ என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அடுத்தது வேதக்கோயில் கார். இன்ஸ்பெக்டர், “இதுதானே கியர்ப் பொட்டி போன கார்? நானே ஓட்டிப் பார்க்கிறேன்” என்று உட்கார்ந்தார். செல்ப் ஒரே தட்டு. ஏற்றத்தின் பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்து, கியர் மாற்றி, கரை மேலே ஏறி, திரும்பி வந்தார். கார் ஒரு தும்மல் போடவில்லை. இறங்கியவர் ‘வண்டி சரி’ என்று எழுதிவிட்டுப் பானெட்டைத் தட்டினார்.

“யார் பார்த்தது?”

எல்லாரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். அவனுக்குத் தொண்டை அன்றைக்கென்று வேலை செய்யவில்லை. ராஜசிங் லாரி ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி நின்றான்.

வேதமாணிக்கம் முன்னால் வந்தார். “இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருந்த செம்புப் பட்டையைக் களட்டிட்டோம்... களட்டிட்டேன் சார். கெடுத்தது நான். கண்டுபிடிச்சது எஞ்சம்சாரம்.”

மனைவியின் பேரைக் காப்பாற்றத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பது பாக்கியவதிக்குப் புரிந்தது. அந்த மனுசன் மேல் அவளுக்கு அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது. ஆனாலும் பிரியம் வேறு, கணக்கு வேறு. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கெடுத்தது ரெண்டு பேரும் சார். கண்டுபிடிச்சது நான் மட்டும்.”

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அண்ணனின் லாரியைப் பார்க்க நடந்தாள். ராஜசிங் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் பானெட்டைத் திறந்தான்.